நடக்கிற பிள்ளையின் படம்

குருக்கள்மடத்தில், வாவியோரமாக ஒரு வாடகை வீட்டில், நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்றை நடத்தி வருகிறேன். நெடுங்காலமாக வெளிநாட்டு அமைப்பொன்றுதான் செலவைப் பார்த்தது. சில வருடங்களுக்கு முன், இனித் தங்கள் உதவி வேறு நாடுகளுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். கோபப்படவும் முடியவில்லை. அங்கே இப்போது யுத்தம். எங்கள் யுத்தம் பழசாகிவிட்டது.

முதலில் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனை நிறுத்தினோம். பிறகு பிள்ளைகளின் மதியச் சாப்பாடு. பிறகு எங்கள் சம்பளத்தைப் பாதியாக்கினோம். காலையில் பிள்ளைகள், பின்னேரம் விண்ணப்பம் என்று என் நாட்கள் போயின. ஒரு நிறுவனம் காலநிலை மாற்றத்தைப் பற்றி எழுதச் சொன்னது, இன்னொன்று சுயதொழில் என்றது. காலை மடக்கி நீட்டப் பழகும் பிள்ளையை அதற்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் பலமுறை கணினியை மூடிவிட்டு அப்படியே இருந்திருக்கிறேன்.

வேன் நின்றதும் தூரத்துப் பிள்ளைகள் வருவது நின்றது. உன்னிச்சையிலிருந்து ஒரு தாய் மட்டும் வந்துகொண்டிருந்தார். வயல் கூலிக்குப் போகிறவர். எட்டு வயது மகளை இடுப்பில் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். அந்தப் பிள்ளை போன வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து உதவி நிறுவனம் ஒன்றின் அதிகாரி, ஒரு பெண், கமராக்காரருடன் வந்தார். பிள்ளை நடப்பதைக் கண் கலங்கப் பார்த்தார். ஆனால் படத்துக்காக அவளை மூலையில் கிடந்த சக்கர நாற்காலியில் இருத்த முடியுமா என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. தாயிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தாய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதுதான் இப்ப நடக்குதே மிஸ். மறுகா ஏன் அதுல இருத்துற?"

"காசு குடுக்கிற ஆக்களுக்குக் காட்டுறதுக்காம்."

"நடக்கிறதக் காட்டினாக் குடுக்க மாட்டாங்களா?"

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி குனிந்து நிலத்தைப் பார்த்தார். பாவமாகத் தெரிந்தால்தான் மேலே இருப்பவர்கள் சம்மதிப்பார்கள், தனக்கும் இது அலுத்துப்போய்விட்டது என்றார். அன்று தாய் மகளைத் தூக்கவில்லை. கையைப் பிடித்து வாசல்வரை மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு போனார். கமராக்காரர் அதைத்தான் எடுத்தார்.

உதவி கிடைக்கவில்லை. படம்தான் காரணமோ, வேறு ஏதுமோ, யாரும் சொல்லவில்லை. எங்களிடம் பாதிச் சம்பளத்தில் பயிற்சி கொடுத்துவந்த பெண் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கும் பிள்ளைகள் உண்டு. போகுமுன் தாய்மாரைக் கூப்பிட்டு, கால் மூட்டுகளை எப்படிப் பிடித்து அசைப்பது என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டே போனார்.

வீட்டுக்காரர் காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி. வீட்டை விடப்போகிறோம் என்று சொல்ல அவரது கடைக்குப் போனேன். முன்னறையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்பகுதியைக் களஞ்சியமாக எடுத்துக்கொண்டார். இப்போது புடவைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், கிழமையில் இரண்டு நாள், தாய்மாரே ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் இன்னும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை உன்னிச்சைத் தாய் பாயைச் சுருட்டிக்கொண்டே, இந்த இடம் அடுத்த வருடமும் இருக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். வேறு ஏதும் சொல்லிச் சமாளிக்க எனக்குத் தெம்பில்லை.

"சரி மிஸ்," என்றார். "செவ்வாய்க்கிழமை வாறன்."