இரண்டு உயரத்துக்கு ஒரு ஸ்டியரிங்

தந்த இறைவனே தன் அமானிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். எங்கள் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, எங்களைப் பிரிந்து இந்த மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர் ஓட்டிய வான் வண்டியில் கண்டக்டராகக் கூடவே நின்றவன் என்பதால், நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி, என் மதினி, சொல்லிவிட்டார்கள்.

காக்கா நிந்தவூரில் பிறந்தார். எங்களைப் பெற்ற வாப்பா நேரத்தோடு மௌத்தாகி, வீட்டுப் பாரம் தலையில் விழுந்ததால் சிறு வயதிலேயே மில்லில் மூட்டை தூக்கப் போனார். அக்காமாரான இரண்டு ராத்தாமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் தனக்குக் கலியாணம் பேசச் சம்மதித்தார். கல்முனையில் மதினியின் வீட்டுக்கு வந்தபின், அங்கிருந்து சவளக்கடைக்குச் சனம் ஏற்றி ஓடும் பழைய ஜப்பான் வானுக்கு டிரைவரானார். றோட்டில் காயப்போட்ட நெல்லின் மேல் ஒருநாளும் டயரை ஏற்றமாட்டார். எனக்கு வாய் திறந்து ஆள் கூப்பிட வெட்கம். "டேய், சனத்தைக் கூப்பிடச் சொன்னா காதுக்குள்ள ரகசியம் சொல்ற மாதிரிக் கூப்பிடுறாய்" என்று சிரிப்பாரே தவிர, ஒருநாளும் என்னை ஏசியதில்லை.

அந்த வானுக்கு இரண்டு டிரைவர்கள். காக்கா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகவேண்டும். மரியதாஸ் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகவேண்டும். அதனால் வியாழன் பின்னேரம் காக்கா வானைக் கொடுப்பார். சனி பின்னேரம் மரியதாஸ் திருப்பித் தருவார். காக்கா நல்ல உயரம். மரியதாஸ் அவருடைய தோளுக்கும் வரமாட்டார். ஸ்டியரிங்கை மேலும் கீழும் சரித்துப் பூட்டும் லீவர் ஒன்று அந்த வானில் இருந்தது. ஆனால் அது இறுகி, ஸ்டியரிங் கீழேயே நின்றுவிட்டது. காக்கா குனிந்து சமாளித்து ஓடினார்.

பிறகு ஒரு பயணியின் மூட்டையை இறக்கிக் கொடுக்கப்போய், மில் படியில் சறுக்கி விழுந்து அவருடைய இடது முழங்கால் சரியாக மடங்காமல் போனபின் அந்தச் சமாளிப்பு நடக்கவில்லை. கிளச்சிலிருந்து காலை எடுக்கும்போது தொடை ஸ்டியரிங்கில் முட்டும். ஒருநாள் வாய்க்கால் வளைவில் அப்படி முட்டி ஸ்டியரிங் திரும்பவில்லை. வான் வாய்க்கால் கரையில் போய் நின்றது. அல்லாஹ் காப்பாற்றினான். செய்தி கேட்ட வான் முதலாளி இரண்டே வழி சொன்னார். ஸ்டியரிங்கை வெட்டி உயர்த்தி வெல்டிங் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு டிரைவர் பார்ப்பார்.

உயரத்தில் பிடித்துவிட்டால் மரியதாஸுக்கு ஸ்டியரிங்குக்கு மேலால் றோட்டுத் தெரியாது. அது தெரிந்தும் மரியதாஸே வந்து சொன்னார்:

"காக்கா, நீங்க ஒட்டிப்போட்டு ஓடுங்க. உங்கட வீட்டில நாலு பொம்புளப் புள்ள இரிக்கி. நான் எங்கயும் பிழைச்சிருவன்."

"அப்ப வெள்ளிக்கிழமை ஆருடா ஓடுற? முதலாளியா? அவருக்குச் சைக்கிளே ஓடத் தெரியா. வா, கழட்டிப் பாப்பம்."

மதினியின் வீட்டு வளவில் வானை நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றினார்கள். உள்ளே பிண்ணாக்கு மாதிரி ஒன்று கட்டிப்பட்டிருந்தது. காக்கா அதை நகத்தால் கிள்ளி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய். நெல்லுத் தூசியோட சேந்து இறுகியிரிக்கி. ஆரு ஊத்தின?"

மரியதாஸ் தலையைச் சொறிந்தார். "நான்தான் காக்கா. உங்களுக்கு மேல எழும்பட்டும் எண்டு ஒவ்வொரு வெள்ளியும் ஊத்தினன்."

"அட மடையா! நானும் ஒவ்வொரு ஞாயிறும் ஊத்தினன்டா!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மதினி அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள்.

சுத்தியலால் அடிப்போம் என்றார் மரியதாஸ். காக்கா விடவில்லை, அடித்தால் பூட்டுகிற பல்லுத் தகடு வளைந்துவிடும், பிறகு ஓடும்போது ஸ்டியரிங் தானாக விழும் என்றார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தென்னை ஈர்க்கால் சுரண்டி, துணியால் துடைத்து, லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஸ்டியரிங் மேலே எழும்பியது. அச்சாணிக்கு மட்டும் மெல்லியதாகக் கிறீஸ் பூசினார். மேலே பூட்டித் தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கிப் பார்த்தார். கீழே பூட்டி மரியதாஸைத் தொங்கவிட்டார். இரண்டு உயரத்திலும் அது அசையவில்லை. மறுநாள் முதலாளி தானே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, காக்கா ஓட்ட வாய்க்கால் வளைவு வரை போய்வந்தார். அதன்பின் வெல்டிங் கதையை அவர் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து வியாழன் பின்னேரம் இறங்கும்முன் காக்கா ஸ்டியரிங்கைத் தாழ்த்திப் பூட்டுவார். சனி பின்னேரம் மரியதாஸ் உயர்த்திப் பூட்டிவிட்டு இறங்குவார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நிலைமை கெட்டு, ஒருவர் தெருவுக்கு மற்றவர் போகப் பயந்த காலத்தில் மரியதாஸால் வரமுடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வான் சும்மா நின்றது. ஆனாலும் வியாழன் வந்தால் காக்கா அதைத் தாழ்த்தினார். "ஆருக்கு காக்கா?" என்று கேட்டேன். "அவன் வருவான்டா" என்றார். வந்தார்.

கடைசி நாட்களில் காக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திய பெரியவர்களுக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்த ஊராருக்கும், எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. காக்கா துயிலும் கப்றை அவன் விசாலமாக்குவானாக.

மரியதாஸ் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து காக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதே வான். வாசலில் நிறுத்தினார். சனம் பின்கதவைத் திறந்து ஜனாஸாவை இறக்கியது. அவர் மட்டும் முன் ஆசனத்திலேயே இருந்தார். பிறகு ஸ்டியரிங்கை மேலே உயர்த்தி, காக்காவின் உயரத்தில் பூட்டிவிட்டு இறங்கினார்.