பதினேழாம் நம்பருக்கு ஒரு காவலாளி

ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்து நாக்கு நுனியில் ஒற்றுகிறார். "எட்டுதான் இருக்கு" என்று ஒதுக்கிப் போடுகிறார். பக்கத்திலேயே மீட்டர் கிடக்கிறது. நாம் சந்தேகப்பட்டு அதில் வைத்துப் பார்த்தால் ஏழு புள்ளி ஒன்பது. "மீட்டர் கொஞ்சம் கம்மியாக் காட்டுது" என்பார், சிரிக்காமல்.

இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய பழுதுபார்ப்புக் கடை. அதற்கு முதலாளி, மெக்கானிக், பெருக்குகிறவர் எல்லாம் இவர் ஒருவரே. தெருவுக்கு இவர் மீட்டர் அக்கா. உதிரிபாகங்களை அவன் இவன் என்றுதான் பேசுவார். டிரான்சிஸ்டர் சோம்பேறி, கெபாசிட்டர் தின்றுவிட்டுத் தூங்குகிறவன். மரியாதை மனிதர்களுக்கு மட்டும். அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவு. காரில் வருகிறவருக்குக் கூடுதலாக ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

போன மாதம் இவருடைய நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பக்கத்துத் தெருத் தையல் கூடத்தில் பதினேழாம் நம்பர் இயந்திரம் அவருடையது. ஒரே மாதத்தில் அதில் மூன்று மோட்டார்கள் கருகிவிட்டன. மேலாளர் தீர ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார்: நாத்தனாருக்குக் கைராசி இல்லை. நாலாவது மோட்டார் எரிந்தால் அவர் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும்.

கைராசியைப் போல மேலிடத்துக்கு வசதியான விஞ்ஞானம் வேறில்லை. சுவருக்குள் ஓடும் வயரைப் பார்க்க வேண்டாம், அதன்மேல் உழைக்கும் கையைப் பார்த்தால் போதும். அந்தக் கோளாறு உழைக்கிற கைகளுக்கு மட்டுமே வருகிறது. கையெழுத்துப் போடுகிற கைக்கு வந்ததாக இதுவரை செய்தி இல்லை.

அக்கா இவ்வளவு பேசவில்லை. "உன் கைக்கு அவ்வளவு சக்தி இருந்தா நம்ம வீட்டு மிக்ஸி என்னைக்கோ செத்திருக்கணுமே. நீ அதைப் படுத்துற பாட்டுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உணவு இடைவேளையில்தான் உள்ளே விட்டார்கள். பிளக் பாயின்டில் இருநூற்று முப்பது வோல்ட், சமர்த்தாக இருந்தது. மோட்டார் கருகுகிற நேரத்தில் யார் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது? காவலுக்கு ஒருவன் வேண்டும் என்று முடிவு செய்தார்.

காவலாளி தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டிக்குள் உருவானான். உள்ளே ஒரு ஜீனர் டயோடு. "இவன் வாயில்லாப் பூச்சி. இருநூத்தம்பது வரைக்கும் கம்முனு கிடப்பான். தாண்டுச்சுன்னா டிரான்சிஸ்டரை எழுப்பி விட்டுருவான். அவன் லைட்டைப் போடுவான்." எளிமையான ஏற்பாடுதான். ஆனால் முதல் சோதனையில், மின்னழுத்தம் இருநூற்றைம்பதை ஒட்டி ஏறி இறங்கியபோது, விளக்கு எரிவதா அணைவதா என்று தெரியாமல் கண்ணடிக்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணி, இது எங்க அண்ணன் மாதிரியே இருக்கு. கோவமா இல்லையான்னு அவருக்கே தெரியாது."

அக்காவும் சிரித்துவிட்டார். பிறகு ஒரு ரெசிஸ்டரைக் கூடுதலாகக் கட்டினார். இப்போது இருநூற்றைம்பதில் எரிகிற விளக்கு, இருநூற்று நாற்பதுக்கு இறங்கினால்தான் அணையும். "வந்த கோவம் வந்த மாதிரியே போயிரக் கூடாது. நல்லா இறங்கணும், அப்புறம்தான் அணையணும்."

பெட்டியைப் பதினேழின் பிளக் பாயின்டில் மாட்டினார்கள். காலையில் இஸ்திரிப் பிரிவில் ஹீட்டர்களைப் போட்டதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அணைத்ததும் அணைந்தது. மூன்று முறை இதே கதை. நாற்பது பெண்களும் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மெயின் போர்டில், எல்லா லைன்களையும் சமமாகப் பிடித்து வைக்கும் நியூட்ரல் கம்பியின் திருகு தளர்ந்திருக்கும் என்று அக்கா மேலாளரிடம் விளக்கினார். ஹீட்டர்கள் இழுக்கும் லைன், பாரம் வைத்த தராசுத் தட்டு போலத் தாழ்கிறது. பதினேழு மட்டும் தனியாக இருக்கும் லைன் மேலே போகிறது.

மேலாளர் மசியவில்லை. "ஏம்மா, பெட்டி உங்க பெட்டி. உங்க நாத்தனாருக்குத்தானே சாட்சி சொல்லும்?"

"நியாயம்தான் சார். அப்போ உங்க ரூம்ல இருக்கிற ஃபேனைக் கொண்டு வந்து இதுல சொருகுங்க. உங்களுது ராசியான கைதானே."

மேலாளர் மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு மிடுக்காகத்தான் வந்தார். ஹீட்டர்களைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. பிளக்கைப் பிடித்த கை, துளைகளுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றது. பிறகு அவர் விசிறியின் வயரை மெதுவாகத் தன் முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்து, "மெயினை ஆஃப் பண்ணச் சொல்றேன். பார்த்துக் குடுத்துருங்க" என்றார். நாத்தனாரின் பக்கம் திரும்பாமலே, "நீ நாலாம் நம்பர்ல உக்காரு. இது சரியானதும் இங்கயே வந்துரு" என்றும் சொன்னார்.

மெயினை அணைத்தபின்னும் டெஸ்டர் சொன்னால்தான் அக்கா நம்புவார். அதனால் ஷாக் அடிக்காமலிருக்க போர்டுக்குக் கீழே ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். வெளிச்சம் போதவில்லை. டார்ச்சோடு வந்து நின்றவர் மேலாளர்தான். துணி அழுக்காகாமலிருக்க அந்தக் கூடத்தில் எல்லோரும் வெறுங்கால். திறந்த போர்டுக்கு முன்னால், இஸ்திரித் தண்ணீர் சிந்தி ஈரமாயிருந்த சிமெண்டுத் தரையில், அவருடைய கால்விரல்கள் தயங்கித் தயங்கி மடங்கின.

அக்கா குனிந்து பார்த்தார். பலகையில் ஓர் ஓரமாக நகர்ந்து, அவருக்கும் இடம் விட்டார்.