திருமதி ஜமுனா

பழவேற்காட்டு இறால் உரிக்கும் கூடத்தின் சூப்பர்வைசர் கிறிஸ்டினா, ஒரு முழு நாள் நிர்வாகப் பயிற்சியில் உட்கார்ந்து, தொழிலாளரை மரியாதையாக அழைக்க வேண்டும் என்ற மாபெரும் உண்மையைக் கற்றுத் திரும்பினாள். மறுநாளே, மூன்று நாளாகத் தாமதமாக வரும் ஜமுனாவிடம் அதைப் பிரயோகித்தாள்.

"திருமதி ஜமுனா, கொஞ்சம் வர்றீங்களா?"

கூடத்தில் எல்லோரும் இறாலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது மட்டும்தான் முதலாளி அங்கே யாருக்காவது 'நீங்க' போடுவார்.

ஜமுனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னிய நிறுத்திட்டியாக்கா? புள்ளைக்கு ஜொரம்க்கா, அதான் லேட்டு."

பயிற்சி அந்த நொடியே காலாவதியானது.

"அடி லூசு! ஜொரம்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி? புள்ளைக்கு சரியாவுற வரைக்கும் லேட்டாவே, ஒம்பது மணிக்கு வா. போடி!"

'போடி' காதில் விழுந்ததும் ஜமுனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "இப்பதான்க்கா உசுரு வந்துச்சு."