சத்தம் போடாத வண்டி

டீசல் வண்டியைத் தள்ளிவிட்டு கரண்டு வண்டி ஒன்று வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரலில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு முதன்முதலாக கேஸ் சிலிண்டர் வந்தபோது அதற்கு முதுகைக் காட்டாமல் சமைத்தவள் நான்.

எங்களுக்குத் தொழில் சமையல். ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதிகளுக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சமைத்து அனுப்புகிறோம். நானும் கூடமாட உதவும் ஓர் அக்காவும் சமைப்போம். அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள் கைகழுவிவிட்டு நேராகத் தட்டோடு வந்து நிற்பார்கள். பசியோடு வருகிறவர்களிடம் டிராபிக் என்றெல்லாம் கதை சொல்ல முடியாது.

பெரிய விடுதியின் வார்டன் அம்மாதான் இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தது. சமையல் பாத்திரங்களை இறக்கும் இடத்துக்கு நேர் மேலே நைட் ஷிப்ட் பிள்ளைகள் பகலில் தூங்கும் அறைகள். “பொகை மேல ரூமுக்குள்ள போவுதும்மா. சத்தம் வேற. இனிமே டீசல் வண்டிய உள்ள வுட மாட்டோம். கேட்டாண்டயே இறக்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டது. கேட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் கொதிக்கிற சாம்பார் அண்டாவைக் கையில் தூக்கிக்கொண்டு போவது நடக்கிற காரியமா? அந்த விடுதி போனால் எங்கள் அடுப்பில் பாதி அணைந்த மாதிரி. அதனால்தான் அவருக்குக் கரண்டு வண்டி ஞாபகம் வந்தது.

இங்கே அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதுப் பக்கம் போய் உரக்கச் சொன்னால் பாதி விழும். மீதியை வாயசைவைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். வாலிபத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காதாம். மிஷின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதைக்கூட காதால் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் எல்லோருக்கும் ஒரு பழக்கம். மிஷின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் ஓடுகிறது. ஆட்டம் நின்ற பிறகுதான் உள்ளே கையை விடுவார்கள்.

பத்து விரலோடு வெளியே வந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்பார். வேலையை விட்ட பிறகும் பழக்கம் அவரை விடவில்லை. கிரைண்டர், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், எதன் பக்கம் போனாலும் முதலில் கையை வைப்பார். டீசல் வண்டியை ஓட்டியதும் அப்படித்தான். சீட்டின் அதிர்வை வைத்து கியர் மாற்றுவார். டேஷ்போர்டில் கையை வைத்து, ஆட்டம் நின்றதும்தான் கீழே இறங்குவார்.

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு உண்டு. பாத்திரங்களை ஏற்றிக் கயிறு கட்டியதும் நான் பின்கதவில் இரண்டு முறை தட்டினால் கிளம்ப வேண்டும். ஒரு முறை தட்டினால் அப்படியே நிற்க வேண்டும். கையால் தட்டினால் என்ஜின் ஆட்டத்தில் அவருக்குத் தெரியாது. அதனால் சாம்பார்க் கரண்டியால் ஓங்கி அடிப்பேன். அடித்து அடித்து அந்த இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து குழியே விழுந்துவிட்டது.

வாலாஜாபாத் சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். வண்டி சின்னதாக, பளபளவென்று, கல்யாண வீட்டுப் பையன் மாதிரி நின்றது. விவரம் சொல்ல வந்த பெண் நல்ல பொறுமைசாலி. நான் அந்தப் பொறுமையைச் சோதித்துவிட்டேன்.

“மழைல தெருவுல முட்டி அளவு தண்ணி நிக்கும்மா. தண்ணியும் கரண்டும் ஒண்ணா சேந்தா இன்னா ஆவறது?”

“பேட்டரி சீல் பண்ணதுதான்க்கா. உள்ள தண்ணி போவாது. அதுக்குன்னு ஆழத்துல எறக்காதீங்க. எந்த வண்டியா இருந்தாலும் எறக்கக் கூடாது இல்ல?”

ஆழம் எது என்று தண்ணீர் வந்தபிறகுதானே தெரியும்? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம் கீழே அடையாற்றுப் பக்கம் இருந்த என் தங்கை, கட்டில் மிதந்ததைப் பார்த்தவள். அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து மழை என்றாலே நான் அரிசி மூட்டையை மேலே ஏற்றிவிடுவேன்.

கரண்டு போனால் என்ன செய்வது என்று கேட்டேன். கிரைண்டர், பிரிட்ஜ், வண்டி எல்லாம் ஒரே லைனில் இழுத்தால் வீடு தாங்குமா என்று கேட்டேன். தனி லைன் இழுக்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் சொருகவே கூடாது என்று அந்தப் பெண் சொன்னாள். கூடாது என்று அவ்வளவு அழுத்திச் சொல்வதிலிருந்தே யாரோ அப்படிச் செய்து ஏதோ ஆகியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. முழு லோடோடு மேம்பாலம் ஏறி இறங்கினால் சார்ஜ் எவ்வளவு தூரம் வரும், நாலைந்து வருஷம் கழித்தும் அதே தூரம் வருமா என்றேன். கொஞ்சம் குறையும் என்று ஒப்புக்கொண்டாள். நடுரோட்டில் நின்றுபோன வண்டியும், தட்டோடு காத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் கண் முன்னால் வந்தார்கள்.

“எலி ஒயர கடிச்சிட்டா?” என்றேன். அரிசி மூட்டை இருக்கும் வீட்டில் எலிக்குப் பஞ்சமா? பழைய வண்டியின் ஹெட்லைட் ஒயரைத் தின்ற எலி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் அந்தப் பெண் சிரித்தாள்.

இவ்வளவு நேரமும் அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “ஆன் பண்ணும்மா, பாக்கலாம்” என்றார்.

“ஆன்லதான் சார் இருக்கு” என்றாள் அவள்.

அவருக்கு விழவில்லை. நான் முகத்துக்கு நேரே போய் வாயசைத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி கையை வைத்தார். கையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தார். “ஆடவே இல்லியேமே” என்றார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தண்ணீரும் எலியும் எங்கேயோ போய்விட்டன. இந்த மனுஷன் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ளப் போகிறார். யார் மேலாவது ஏற்றிவிடப் போகிறார். வருகிற வண்டியின் சத்தம் ஊருக்குக் கேட்காது, ஊர் கத்துவது இவருக்குக் கேட்காது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “போர்டுல லைட்டு எரியுது இல்ல, கண்ணால பாத்துக்கறேன். நான் இன்னா குருடா?” என்று கோபித்துக்கொண்டார். கண் பார்க்கும். ஆனால் கை முந்திக்கொள்ளுமே என்று நினைத்துக்கொண்டேன்.

முழு லோடோடு ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் ஷோரூமிலிருந்து ஒரு காலை நேரத்துக்கு வண்டியை அனுப்பினார்கள். கூட வந்த பெரியவருக்குக் கொட்டகையில் இலை போட்டுப் பொங்கல் வைத்தேன். முதலில் சாப்பிடட்டும், அப்புறம் வண்டி என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு அது தப்பாகப் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய ஆள் பொங்கலில் மிளகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எங்கள் வாசல் சரிவு. தார் ரோட்டை ஒவ்வொரு முறை போடும்போதும் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. வண்டியை ரோட்டிலிருந்து பின்பக்கமாக இறக்கி, சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி ஏற்றுவோம். பழைய வண்டியில் ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. முதல் கியரில் போட்டு என்ஜினை அணைப்பார். பின் டயருக்கு ஒரு செங்கல் வைப்போம். வண்டி அசையாது.

புது வண்டியையும் அப்படியே இறக்கினார். பின்னால் வரும்போது மட்டும் பீப் பீப் என்றது. முதல் கியர் என்று நினைத்துக்கொண்டு முன்னால் போகிற பக்கம் திருகினார். டேஷ்போர்டில் கையை வைத்தார். ஆட்டம் இல்லை. செங்கல்லில் சாய்ந்து வண்டி நின்றது. அந்த வண்டியைக் கியர் பிடித்து நிறுத்தாது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இறங்கி வந்து சோற்று அண்டாக்களை என்னோடு சேர்ந்து தூக்கி வைத்தார். கடைசியாக சாம்பார் ஏறியது. அவர் போய் சீட்டில் உட்கார்ந்து, கால்மாட்டில் விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தார். அரிசி கழுவிய தண்ணீரில் தரை வழவழவென்று இருந்தது. செங்கல் வழுக்கியது.

நான் பின்கதவுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்று கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ வயிற்றில் வந்து இடித்தது. முதலில் கூட இருந்த அக்கா தள்ளுகிறாள் என்றே நினைத்தேன். எந்தச் சத்தமும் இல்லை. இடுப்பு தொட்டி விளிம்பில் போய் முட்டியபோதுதான் புரிந்தது. “யோவ்! யோவ்!” என்று கத்தினேன். இத்தனை வருஷ மரியாதை எங்கே போயிற்றோ தெரியாது. அவர் குனிந்தபடியே இருந்தார். கரண்டி கொட்டகையில் கிடந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். உள்ளங்கையால் பின்கதவில் ஒரு முறை தட்டினேன்.

வண்டி நின்றது.

சாம்பார் தளும்பி என் முழங்கையில் கொட்டியது. பொங்கல் சாப்பிட்ட கையோடு பெரியவர் ஓடி வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அக்கா என்னை வெளியே இழுத்தாள். என் வீட்டுக்காரர் இறங்கி வந்து என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மே, கத்தக் கூடாதா?”

“கத்தனேன்.”

“கேக்கல. தட்னது மட்டும் தெரிஞ்சுது. சீட்டுல. முதுவுல வந்து யாரோ தொட்ட மாதிரி. பிரேக்க மிதிச்சிட்டேன்.”

வெறும் கைதான் தட்டியது என்று விரித்துக் காட்டினேன். என்ஜின் ஆடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டியாக இருந்தால் அந்தத் தட்டு அவரைப் போய்ச் சேர்ந்திருக்காது. அணைத்து நிறுத்திய டீசல் வண்டியாக இருந்தால் கியரே பிடித்து நிறுத்தியிருக்கும் என்பதும் உண்மைதான். நன்றாகக் காது கேட்கிற எனக்கு வண்டி வந்தது தெரியவில்லை. அவர் இத்தனை வருஷம் எப்படி வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பது அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

“வாணாம்மே” என்றார். “திருப்பி அனுப்பிடு. இன்னிக்கி நீ. நாளிக்கி ரோட்ல ஒரு கொயந்த வந்தா? நான் இனிமே வண்டியே ஓட்டல.”

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அது என் வேலை. அவர் வண்டி ஓட்டவில்லை என்றால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். காது போன மனுஷனுக்கு இந்தக் கம்பெனி ஊரில் செக்யூரிட்டி வேலைகூடக் கொடுக்க மாட்டார்கள். ரோட்டில் ஷிப்ட் பஸ் ஒன்று போனது. பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய் சீட்டில் உட்காரவைத்தேன். அவர் கையை எடுத்து ஹேண்ட் பிரேக் மேல் வைத்தேன். “மொதல்ல இது. அப்பறம் சாவி. அப்பறம் அந்த லைட்டு. கை வெச்சிப் பாக்காதீங்க, இதுல கை பொய் சொல்லும்” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பெரியவரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் என் வாயைப் பார்க்கவில்லை. இறங்கி நின்று, என் தோளுக்குக் கீழே முதுகில் உள்ளங்கையை வைத்தார். மிஷினில் வைப்பாரே, அதே மாதிரி.

“ஆடுது” என்றார்.

“ஒண்ணுமில்ல, கெளம்புங்க. நேரமாவுது.”

“ஆடுதுமே. நின்னாதான் போவேன்.”

கையை எடுக்கவே இல்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. நான் தொட்டியைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பெரியவர் என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “நின்னுடுச்சு” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார்.

உள்ளுக்குள் நிற்கவில்லை. இன்றைக்கும் நிற்கவில்லை. அந்த வண்டியைத்தான் வாங்கினோம். தினமும் தொட்டிப் பக்கம் நிற்காமல் ஓரமாக நின்று கயிறு கட்டுகிறேன். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்க்கிறேன். கரண்டியை எடுப்பதில்லை.

அன்றைக்கு அவர் ஏறி உட்கார்ந்ததும் அக்கா கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். வண்டி ஆனில் இருக்கிறதா என்று தெரியாமல் பின்கதவில் கையை வைத்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியால், மெதுவாக, இரண்டு முறை தட்டினேன்.