மோடத்தின் மேல் கவிழ்த்த குண்டான்

அரியலூரில் எங்கள் வீட்டில் மூடாத பொருள் என்று ஒன்று கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டில் வீடு. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, டெலிபோனுக்கு அம்மாவே பின்னிய விரிப்பு. உறை அகப்படாத பொருளின் மேல் ஏதாவது ஒரு பாத்திரம் கவிழ்ந்துவிடும். அம்மா அதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

2007இல் அந்த வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. சென்னையில் வேலை பார்த்த அண்ணன், லீவில் வந்தால் லேப்டாப்பில் வேலை செய்ய வசதியாக வயர்லெஸ் மோடம் ஒன்றை வாங்கி ஹாலில் டெலிபோன் பக்கத்தில் வைத்திருந்தான். அவன் அந்த முறை லீவில் வந்திருந்தபோது அதற்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. தா.பழூர்ப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்தார். அடுத்த வருஷம் ஊரோடு திரும்பிவிடும் எண்ணம். அவருடைய அப்பாவும் அம்மாவும் வந்து என்னைப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவில் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் அப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருவேன். ஆனாலும் அந்த வேலை எனக்கு உயிர். கூரை பறக்கக் கத்துகிற ஒன்பதாம் வகுப்பைக்கூடப் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடமாட்டேன். முந்தைய வரனிடம் இதைச் சொன்னதோடு சரி, அவர்கள் வீட்டிலிருந்து அப்புறம் போனே வரவில்லை.

"இந்தத் தடவ வாயத் தொறக்காத. தாலி ஏறட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

மெதுவாகச் சொல்வது எனக்கு வராது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

சனிக்கிழமை அண்ணன் சோதித்துப் பார்த்தான். ஹாலில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தால் நான் என்ன பேசுவது என்று சண்டை போட்டு, லேப்டாப்பை உள் அறையில் வைக்கச் சொல்லியிருந்தேன். மோடத்தோடு வந்த ஒயர் ஒரு கை நீளம்தான். அறை வரை எட்டாது. வயர்லெஸ்ஸோ வரும், போகும். அண்ணன் லேப்டாப்பை அணைத்துப் போட்டான். பாஸ்வேர்டை மறுபடி மறுபடி அடித்தான். ஹாலுக்குப் போய் மோடத்தை அணைத்துப் போட்டால் வந்துவிடும். அறைக்குத் திரும்பி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போய்விடும். டெலிபோன் ஆபீசுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டான். அவர்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த முறை நானும் அவன் பின்னால் போனேன். மோடத்தின் மேல் ஒரு எவர்சில்வர் குண்டான் கவிழ்ந்திருந்தது. அண்ணன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மோடத்தின் சுவிட்சைத் தட்டினான். அவன் அறைக்குத் திரும்பியதும் அம்மா வந்து மறுபடி கவிழ்த்தாள். காலையிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது. இன்ஜினியரிங் படித்தவன்தான், ஆனால் எங்கள் வீட்டில் வளர்ந்தவன். ஒரு பொருளின் மேல் பாத்திரம் இருப்பது அவன் கண்ணில் படாது.

விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னான், பாத்திரத்தால் மூடினால் லைன் அறைக்கு வராது என்று. அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"மூடுனா பேசவே முடியாதா?" என்று இன்னொரு தரமும் கேட்டாள்.

அன்று ராத்திரி நல்ல மழை. ஞாயிறு காலை ரோடு கழுவி விட்டாற்போல் இருந்தது. மாப்பிள்ளை திரையில் வந்தார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, என்னைவிட அதிகமாக வெட்கப்பட்டார். சாப்பிட்டீர்களா என்றார். சாப்பிட்டேன் என்றேன். அங்கே மழையா என்றார். ஆமாம் என்றேன். இப்படியே போனால் பொழுது சாய்ந்துவிடும் என்று, கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன், சம்மதமா என்று கேட்டேவிட்டேன்.

அவர் வாய் பாதி திறந்தபடியே படம் நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

அறை வாசற்படியில் நின்ற அண்ணன், அவரே கட் பண்ணிவிட்டாரோ என்று இழுத்தான். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. பிடிக்கவில்லை என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே? லேப்டாப்பை மூடப் போனவள், திரையின் மூலையில் வயர்லெஸ் அடையாளத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருப்பதைப் பார்த்தேன். அவர் துண்டித்திருந்தால் அந்தக் குறி விழுந்திருக்காது. கோளாறு எங்கள் வீட்டுக்குள்தான்.

ஹாலுக்குப் போனேன். மோடத்தின் மேல் குண்டான். பக்கத்தில் அம்மா.

"தூசி படியுதுல்ல" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். வெளியே ஈர ரோடு. பொட்டுத் தூசி இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. குண்டானை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தேன். கொஞ்சம் பொறுத்துப் பெருக்கல் குறி மறைந்தது. அண்ணன் மறுபடி கூப்பிட்டான்.

மாப்பிள்ளை அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கேள்வி முழுசா வந்துச்சுங்க. தாராளமா போங்கன்னுதான் சொன்னேன், அதுக்குள்ள லைன் போயிருச்சு. நான் யோசிக்கிறேன்னு நெனச்சு நீங்கதான் எந்திரிச்சுப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

எனக்குப் பின்னால் வாசற்படியில் வளையல் சத்தம் கேட்டது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். குண்டான் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"எனக்குச் சரியா கேக்கல" என்றாள் மெல்ல. "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."