கேஸ் பார்க்கிற வள்ளி

“பேரு அப்பறம் சொல்லு. நைனா பேரு இன்னா?”

வந்தவர் திகைத்து நிற்கிறார். அவர் தேடச் சொன்னது ஒருவனை. இந்த அம்மா கேட்பது அவனுடைய அப்பனை. வள்ளி நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு கிராம்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, விசைப்பலகையில் விரல்களை வைத்தபடி காத்திருக்கிறாள்.

“பேரு ஊரு பூரா கீதுண்ணா. வெங்கட்னு தட்டுனா முந்நூறு பேரு வந்து நிப்பாங்க. அதுல உன் ஆளு யாருன்னு அவன் நைனாதான் சொல்லணும்.”

சித்தூர் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் பத்திரத் தாள் விற்பவருக்கும் நடுவே, ஆறடி அகலத்தில் இருக்கிறது அவள் கடை. ஆதார் திருத்தம், வருமானச் சான்று, திருமலை தரிசனச் சீட்டு என்று எல்லாமே செய்கிறாள். ஆனால் ஆட்கள் விசாரித்துக்கொண்டு வருவது கேஸ் பார்க்கத்தான். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள், வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், நிலம் வாங்கப் போகிறவர்கள், தன்மேல் உள்ள வழக்கு முடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் வாய்தாவுக்கு நடந்து சலித்தவர்கள்.

நீதிமன்ற இணையதளம் எல்லோருக்கும் திறந்தது. கைபேசியிலேயே பார்க்கலாம். அதை அவளே முதலில் சொல்லிவிடுவாள். “உன் போன்லயே வரும். ஊட்ல யாரையாவது பாக்கச் சொல்லு.” போனவர்கள் நாலு நாளில் திரும்பி வருவார்கள், ஒன்றும் வரவில்லை என்று. ஏன் வராது என்பது வள்ளிக்கு அத்துப்படி. நடந்துகொண்டிருக்கும் வழக்குகளை மட்டும் பார்த்திருப்பார்கள்; முடிந்துபோனவற்றுக்கு வேறு கட்டத்தைத் தொட வேண்டும். சண்டை நடந்த வருஷத்தைப் போட்டிருப்பார்கள். வழக்கு கோர்ட்டுக்கு வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்தாக இருக்கும். வரதய்யபாளையத்துக்காரர்கள், ஊர் இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருப்பதால், திருப்பதி என்று தேடியிருப்பார்கள். “மாவட்டத்தத்தான் ரெண்டாப் பிரிச்சாங்க. கேஸ் பாக்கறதுக்கு இன்னும் சித்தூருதான்” என்பாள்.

எல்லாவற்றையும்விட எழுத்துதான் பெரிய தொல்லை. தமிழ்ப் பெயர் தெலுங்குக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போவதற்குள் ஆளே மாறிவிடுகிறான். அவளிடம் ஒரு நீளக் குறிப்பேடு இருக்கிறது. அதில் பாப்பாத்தி ஏழு விதமாகவும் கோபிகிருஷ்ணன் ஒன்பது விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறார்கள். “முழுப்பேரு போடாத. மூணெழுத்து போடு, மிச்சத்த அதுவே கக்கும்.” படத்தில் கோணல்மாணலாக வரும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் இடம் வந்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வந்துவிடும். “நேரா நில்லேன்டா” என்று அந்த எழுத்துகளைத் திட்டிக்கொண்டே தட்டுவாள்.

அவள் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. “கெடைக்கல” என்பாள். “நான் தேடுன எழுத்துல, தேடுன வருசத்துல கெடைக்கல. அவ்ளோதான் சொல்வேன்.” அதே மாதிரி, கிடைத்துவிட்டாலும் குதிக்கமாட்டாள். போன வருஷம் காணிப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை பெயரில் ஒரு திருட்டு வழக்கு திரையில் வந்ததும் பெண்ணின் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வள்ளி முதல் தகவல் அறிக்கையைத் தேடி எடுத்து, தகப்பன் பெயரையும் வயதையும் பார்த்தாள். அந்தத் திருடனுக்கு அறுபத்தொரு வயது. “அளுகைய நிறுத்திட்டு பத்திரிகை அடிக்கப் போம்மா” என்று அனுப்பி வைத்தாள்.

வள்ளிக்கு நாற்பத்தொரு வயது. வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூலிக்குப் போய் வாழ்ந்த குடும்பம். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருஷம் தட்டச்சு செய்தபோது தெலுங்கையும் கோர்ட் ஆங்கிலத்தையும் பிடித்துக்கொண்டாள். அங்கேதான் ஒருநாள் பழைய கட்டு ஒன்றில் தன் அப்பா சின்னப்பனின் பெயரைப் பார்த்தாள். காட்டில் விறகு வெட்டிய வழக்கு. கைநாட்டு வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வைத்துவிட்டு வந்தவர் அவர். காகிதத்தில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று இருந்தது. அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டியது வள்ளிதான். சின்னப்பன், “இத அன்னிக்கே எனக்கு யாராவது படிச்சிருந்தா?” என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து, ஒருவன் பெயர் உள்ள காகிதம் கையில் வந்தால் அதைக் கடைசி வரி வரைக்கும் அவனுக்குப் படித்துச் சொல்லிவிடுவது அவள் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது போன ஆடி மாதத்தில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கடைக்கு முன்னால் மூன்று முறை போவதும் வருவதுமாக இருந்துவிட்டு உள்ளே வந்தார். மொட்டையடித்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

“என் சித்தப்பா பையனுக்குப் பாக்கணும்மா. பேரு உமாபதி.”

தங்களுக்காக வருகிறவர்களில் பாதிப்பேர் சித்தப்பா பையனுக்கென்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். வள்ளி கண்டுகொள்ளவில்லை.

“நைனா பேரு?”

“வேங்கடாசலம்” என்றார். சொன்ன பிறகு, “அது எங்க நைனா பேரு…” என்று இழுத்தார். அத்தோடு சித்தப்பா பையன் போய்விட்டான். “இங்க பாத்தா ஸ்டேசனுக்குத் தெரிஞ்சிடுமா?”

“தெரியாதுண்ணா. யாரு வேணாலும் பாக்கலாம். உக்காரு. எந்த ஊரு, இன்னா நடந்துச்சு?”

நகரிப் பக்கம் என்றார். விசைத்தறி ஓட்டியவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், சாயத் தண்ணீரைத் தெருவில் விடுவது பற்றி ஒரு தறிப்பட்டறைக்காரரோடு தகராறு. பட்டறைக்காரரின் மைத்துனன் சிவசங்கரனும் ஆட்களும் இரும்புத் தடியோடு வந்தார்கள். உமாபதியின் கூட்டாளி பாலையாவின் வலது கையை அடித்து நசுக்கினார்கள். உமாபதியும் கட்டையை எடுத்து ஒருவனை முதுகில் ஒன்று போட்டார். ஆஸ்பத்திரியில் பாலையா கிடந்தபோது போலீஸ்காரர் ஒருவர் வந்து, பக்கத்தில் நின்ற உமாபதியிடம், நீ யார், அப்பா பெயர் என்ன, என்ன பார்த்தாய் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

“அப்பவே தெரியும்மா, என் பேர ஏத்திட்டாங்கன்னு. ரெண்டு வருசம் ஒண்ணுமில்ல. அப்பறம் ஒரு நாளு காலைல போலீசு ஊட்டுக்கு வந்தாரு, கைல தெலுங்குல ஒரு பேப்பரு. நான் தறில இருந்தேன். ஊட்ல சொல்லி அனுப்பிச்சா. அப்டியே திருமலைக்குப் பஸ் ஏறிட்டேன்.”

பத்து வருஷமாக மலைமேல் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு அரைக்கிறார். மனைவி கங்கம்மாள் வருஷத்துக்கு மூன்று தடவை தரிசனத்துக்கு வருகிற மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போவாள். தாய் செத்ததற்குக்கூட அவர் ஊருக்குப் போகவில்லை. இப்போது கடைக்காரர், வேலை செய்கிற எல்லோரும் போலீஸ் சான்று வாங்கி வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாங்கப் போனால் பிடித்துக்கொள்வார்கள். போகாவிட்டால் வேலை இல்லை.

வள்ளி தேடினாள். உமாபதி, உமாபத்தி, வுமாபதி; நாலு வருஷம், மூன்று கோர்ட். “கெடைக்கல” என்றாள். அவர் முகம் மலர்வதற்குள், “இல்லன்னு சொல்லல. இரு. அடிச்சவன் பேரப் போட்டுப் பாக்கலாம்” என்றாள். சிவசங்கரன், பெயரை இரண்டாவது விதமாக எழுதிப் பார்த்ததுமே மாட்டினான். வழக்கு வந்தது. நடந்து முடிந்து, தீர்ப்பும் ஏற்றப்பட்டிருந்தது, ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம்.

“முத்தாயிங்க ஆறு பேரு” என்று முதல் பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள். குற்றம் சாட்டப்பட்டவனைத் தெலுங்கில் முத்தாயி என்பார்கள். எல்லைத் தமிழிலும் அதுவே. ஆறு பேரையும் படித்தாள். “உன் பேரு இதுல இல்லண்ணா.” தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அவளுக்கே வியப்பாக இருந்தது.

“எம்மேல கேசே இல்லியா?”

“இல்ல. நீ போயி தைரியமா சான்று வாங்கு.”

உமாபதி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “நீ நல்லா இருக்கணும் தாயே” என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தபோது வள்ளி ஏழாம் பக்கம் வரை படித்துவிட்டாள். காத்திருந்த இருவரை, டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள்.

“அண்ணா, உன் பேரு வேற எடத்துல கீது. சாட்சிங்க பட்டியல்ல. மூணாவது சாட்சி, உமாபதி, தகப்பனார் வேங்கடாசலம்.”

அவருக்குப் புரியவில்லை.

“அந்தப் பேப்பரு, உன்னப் புடிக்க வந்தது இல்ல. சாட்சி சொல்ல வான்னு கூப்ட்டது. ஏழு தடவ அனுப்பிச்சிருக்காங்க.”

“எங்க ஊட்ல அஞ்சி தடவன்னு சொன்னாளே” என்றார் உமாபதி, அதுதான் முக்கியம் என்பதுபோல.

அவள் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். அடித்தவர்களின் உறவுக்காரர்களைத் தவிர அங்கே நின்று பார்த்தவர் உமாபதி ஒருவர்தான். பாலையா கூண்டில் ஏறி, என் கூட்டாளி எல்லாவற்றையும் பார்த்தான், அவனைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்தச் சாட்சி எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்று அரசுத் தரப்பு அவரை விட்டுவிட்டது. சந்தேகத்தின் பலனை அளித்து ஆறு பேரும் விடுதலை.

வள்ளி அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள். உமாபதி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

“இத இன்னாத்துக்கு எனக்குப் படிச்ச? கேசு இல்லன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கக் கூடாதா?”

“உன் பேரு இருந்துச்சுண்ணா.”

அவர் எழுந்து போய்விட்டார். அச்செடுத்த தாளை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு முழுக்க வள்ளிக்கு வேலை ஓடவில்லை. கோணல் எழுத்துகளை மூன்று தடவை தப்பாகத் தட்டினாள். அவற்றைத் திட்டவும் இல்லை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கூட்டிப் போக வந்த புருஷன் கிரண்குமாரிடம், “ஒரு மனுசன் சிரிச்சிகினு போயிருப்பான். நான்தான் கெடுத்தேன்” என்றாள். பத்து வருஷம் ஓடியவனுக்கு, ஓடியது எதற்காக என்று தெரிவது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து உமாபதி வந்தார். கூட இன்னொருவர், வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. வலது கையின் மூன்று விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தன.

“நான் பாலையா” என்றார் அவர். “நகரில ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா கீறேன்.”

அன்று கடையிலிருந்து இறங்கியதும் உமாபதி நேராக நகரிக்குத்தான் போயிருக்கிறார். பாலையா கதவைத் திறக்கவில்லை. மறு வாரமும் போயிருக்கிறார். மூன்றாம் முறை, நடந்ததை வாசலில் நின்றபடியே சொல்லி முடித்திருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, “அந்தக் காயிதம் எங்க கீது?” என்று மட்டும் பாலையா கேட்டாராம். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள், வேறு வேறு இருக்கையில்.

“மேல போட முடியுமான்னு கேக்க வந்தீங்களா?” என்றாள் வள்ளி. “நான் வக்கீல் இல்லண்ணா. கெடு முடிஞ்சி வருசம் ஆயிடுச்சி. இவ்ளோ தாமசத்த மேல் கோர்ட்டு மன்னிச்சாதான் உண்டு. நல்ல வக்கீலா ஒருத்தரக் காட்றேன், கேட்டுப் பாருங்க.”

“அது அப்பறம் கேட்டுக்கலாம்மா” என்றார் பாலையா. “கூண்டுல ஏறி நான் இவன் பேரச் சொன்னேனே, அத இவன் காதால கேக்கணும். நானும் பக்கத்துல இருக்கணும். படி.”

உமாபதி உள்ளே வரவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றிருந்தார். பாலையா அவர் பக்கம் திரும்பவில்லை. சுவரோரம் கிடந்த ஸ்டூலை மடங்கிய விரல்களால் கொக்கி போட்டு இழுத்து, தன் பக்கத்தில் விட்டார்.

உமாபதி வந்து உட்காரும்வரை வள்ளி காத்திருந்தாள். அப்புறம், ஆங்கிலம் தெரியாத அந்த இருவர் பக்கமும் திரையைத் திருப்பி வைத்து, முதல் வரியின் கீழ் விரலை வைத்தாள்.