நான்காம் பக்கத்தை மீட்க கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை

வாடகைக் கடை வைத்திருப்பவர்கள் என்றாவது இதே வழியில் போக நேரலாம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபது. கிள்ளானில் டைப்பிங், போட்டோஸ்டேட் கடை நடத்துகிறேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து நானே கற்ற தொழில். ஒப்பந்தத்தை மேலும் மூன்று ஆண்டு நீட்டிக்கக் கேட்டு, கெடுவுக்கு முன்பே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கட்டட நிர்வாக அலுவலகத்துக்கு எழுதினேன். கடந்த மார்ச்சில் பதில் வந்தது: மாதக் கடைசியில் கடையைக் காலி செய்யுங்கள்.

போன் செய்தேன். "எங்க ஏ.ஐ. தேடிப் பாத்துருச்சு ஆன்டி. நீட்டிக்கிற உரிமைன்னு ஒண்ணும் இல்லையாம்" என்றார் அதிகாரி முரளி. எல்லா வாடகை ஒப்பந்தங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். கேள்வியைக் கொடுத்தால் ஏ.ஐ. ஒரு தேடுகருவியை வைத்து அவற்றுக்குள் தேடிப் பதில் சொல்லும். நல்ல வசதிதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தை டைப் அடித்ததே நான். உரிமை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பிரதி மட்டும் வெள்ளத்தில் கூழாகிப் போயிருந்தது. மூலம் அவர்களுடைய ஸ்டோரில். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

காலை 8.05 கொமுட்டர் ரயில். மூத்த குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டையை மறக்காதீர்கள். பெண்கள் பெட்டி நடுவில் வரும். குளிர் எலும்பு வரை இறங்கும், சால்வை அவசியம். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், கே.எல். சென்ட்ரலில் இறங்கியபோது மணி 9.10.

வெளியே ஒரு டாக்சிக்காரர் வழிமறித்தார். "பிரிக்பீல்ட்ஸா ஆன்டி? பன்னெண்டு ரிங்கிட்."

"கால் இருக்கு லா அண்ணே, நடந்துக்கிறேன்."

"நீங்க இருக்கிற கோவத்துக்கு அஞ்சு நிமிசத்துல போயிருவீங்க!"

பதினோரு நிமிடம் ஆனது. அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேல், இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது, முப்பத்தெட்டுப் படிகள். எண்ணிக்கொண்டே ஏறினேன்.

முரளிக்கு நாற்பது வயதிருக்கும். "எத்தனை தடவை கேட்டாலும் அது அதேதான் சொல்லும் ஆன்டி" என்றார்.

"அப்ப கேள்விய மாத்துங்க தம்பி. உரிமை இருக்கான்னு கேக்காதீங்க. என் ஒப்பந்தத்துல எந்தெந்தப் பக்கம் அதுகிட்ட இருக்குன்னு கேளுங்க."

பெருமூச்சு விட்டபடி தட்டினார். திரையில் பதில் வந்தது: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இடையிலுள்ள பக்கங்கள் பதிவில் இல்லை.

முரளி திரைப் பக்கம் குனிந்து எண்களை மறுபடி படித்தார்.

"நான் தாளோட ரெண்டு புறமும் டைப் அடிப்பேன். தாள் என்ன சும்மாவா வருது? நீங்க முன்புறத்த மட்டும் ஸ்கேன் பண்ணியிருக்கீங்க. என் உரிமை நாலாம் பக்கத்துல இருக்கு."

"சரி ஆன்டி, ஸ்டோர்ல தேடணும். நாளைக்கு வாங்களேன்."

"நாற்காலி இருக்குல்ல? உக்காந்துக்கிறேன்."

நாற்பது நிமிடம். சட்டையெல்லாம் தூசியோடு கோப்பைக் கொண்டுவந்தார். முதல் தாளைப் புரட்டினார், இரண்டாவதைப் புரட்டினார். அதன் பின்புறத்தில், ஒன்பதாவது ஷரத்து. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் உரிமையாளருடையது.

"சத்தமா படிங்க தம்பி."

படித்தார். காலி செய்யச் சொன்ன கடிதத்தை ரத்து செய்து, முத்திரை குத்தி, கையில் கொடுத்தார். பிறகு ஏதோ தோன்றியது போல நிமிர்ந்தார்.

"ஆன்டி, வேற யாருக்காவது டைப் அடிச்சுக் குடுத்தீங்களா?"

"எங்க வரிசை முழுக்க. பதினாலு கடை."

மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த வெற்றிக்கு ஒரு வாழையிலைச் சாப்பாடு, 12.50 ரிங்கிட். ரசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். 1.20 ரயிலில் கிள்ளான் திரும்பி, பதினான்கு கடைக்கும் நேரில் போய்ச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். சிலர் கை தட்டினார்கள்.

கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பொய் சொல்லவில்லை; கையில் இருந்ததைச் சொன்னது. கிடைக்கவில்லை என்பதை இல்லவே இல்லை என்று எழுதியனுப்பியது மனிதர்கள். எனவே நீங்கள் போனால், முதலில் பக்க எண்களைக் கேளுங்கள். மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுந்து வராதீர்கள். செவ்வாய், புதன் காலையில் கூட்டம் குறைவு.

போன வாரம் நீட்டிப்பு ஒப்பந்தம் டைப் அடிக்க உட்கார்ந்தேன். முரளி போன் செய்தார். "ஆன்டி, இந்தத் தடவை முன்புறம் மட்டும் அடிங்களேன், ப்ளீஸ்."

இரண்டு புறமும்தான் அடித்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: திருப்பிப் பார்க்கவும்.